தோசைக்கல் சுமக்கும் லாமாக்கள்

லாமாவைப் பற்றிப் பேச்செடுத்தால் எனக்கு நிறுத்தத் தெரியாது. ஆபீஸ் கேண்டீனில் நான் தட்டோடு வந்து உட்கார்ந்ததும் இரண்டு பேர் "மீட்டிங் இருக்கு" என்று எழுந்துவிடுகிறார்கள். அவர்களுக்குக் கொடுத்துவைக்கவில்லை, அவ்வளவுதான். சாமானெல்லாம் முதுகில் கட்டிக்கொண்டு மலையேறி, முழங்கால் கெஞ்சி, தோள்பட்டை கன்றிப்போய், கடைசியில் ஏரிக்கரைக்கு வந்து சேர்ந்தும் அதை ஏறெடுத்துப் பார்க்கத் தெம்பில்லாமல் கூடாரத்துக்குள் சுருண்டு விழுந்தவர் யாராவது இதைப் படிக்கிறீர்களா? உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். லாமா வளருங்கள். குட்டியாக வாங்குங்கள். நீங்களே பழக்குங்கள். ஆஹா, அப்படியொரு சுகம் வேறெதிலும் கிடையாது!

நான் இருப்பது அமெரிக்காவின் ஒரேகான் மாநிலத்தில், போர்ட்லாண்டுக்கு மேற்கே. இங்கே 'வில்டர்னெஸ்' என்று அறிவிக்கப்பட்ட காடுகள் 1964ஆம் ஆண்டுச் சட்டத்தின் பாதுகாப்பில் இருக்கின்றன. மோட்டார் வண்டி மட்டுமல்ல, சைக்கிள்கூட உள்ளே போக முடியாது. சாமான் உள்ளே போக வேண்டுமென்றால் மனுஷன் முதுகு, இல்லாவிட்டால் மிருகத்தின் முதுகு. பெரும்பாலோர் குதிரையும் கோவேறு கழுதையும் வைத்துக்கொள்கிறார்கள். கம்பீரம்தான், மறுக்கவில்லை. ஆனால் அரை டன் எடையும் இரும்பு லாடமுமாகக் குதிரைகள் போன பாதையில், மழை பெய்த மறுநாள் நடந்து பாருங்கள், தெரியும். லாமாவுக்குக் குளம்பே கிடையாது. காலுக்கு இரண்டு விரல், இரண்டு நகம், அடியில் தடித்த தோல் மெத்தை. ஈர மண்ணில்கூடத் தடம் லேசாகத்தான் விழும். தன் எடையில் ஏறத்தாழ இரண்டு சதவீதம் தீனி இருந்தால் ஒரு நாள் ஓடிவிடும். அதிலும் பாதியைப் போகிற வழியில் அங்கொரு வாய் இங்கொரு வாய் என்று தானே தேடிக்கொள்ளும்.

ஒட்டக வம்சம் என்றதும் நமக்குப் பாலைவனம்தான் நினைவுக்கு வரும். ஆனால் அந்த வம்சமே பிறந்தது வட அமெரிக்காவில், நாலு கோடி ஆண்டுகளுக்கு முன்னால். சுமார் 30 லட்சம் ஆண்டுகளுக்கு முன் ஒரு கிளை தெற்கே இறங்கிப்போனது. ஆண்டிஸ் மலையில் அந்தக் கிளையில் வந்த குவானகோவைப் பிடித்துப் பழக்கித்தான் மனிதர்கள் லாமாவை உருவாக்கினார்கள். சக்கர வண்டியும் குதிரையும் இல்லாத இன்கா சாம்ராஜ்யத்தின் சரக்குப் போக்குவரத்து இதன் முதுகில் நடந்தது. வடக்கே இருந்த சொந்தக்காரர்கள் பனியுகம் முடிகிற சமயத்தில் அழிந்துபோனார்கள். ஒரேகானின் ஜான் டே புதைபடிமப் பூங்காவில் இந்த வம்சத்தின் பழங்கால ஒட்டகங்களின் எலும்புகள் கிடைத்திருக்கின்றன. நாங்கள் மலைக்குப் போகும்போது அந்த வட்டாரத்தைத் தாண்டித்தான் போவோம். பின்னால் வண்டியில் அசைபோட்டுக்கொண்டு வருகிற இருவரிடமும் "உங்க பூர்வீகம்டா" என்று நான் தவறாமல் சொல்வதும், அவர்கள் தவறாமல் கண்டுகொள்ளாமல் இருப்பதும் வழக்கம்.

இருவர் பெயர் பரட்டை, சொக்கன். நெற்றி மயிர் கண்ணில் விழுகிறவன் பரட்டை. வெள்ளையில் கறுப்புத் திட்டு போட்ட அழகன் சொக்கன். பெயர் வைத்தது மகள். ஆறு மாதத்தில், பால் மறந்த கையோடு வாங்கினோம். வீட்டில் இடமில்லாததால் ஊருக்கு வெளியே ஒரு பண்ணையில் மாத வாடகைக்கு மேய்ச்சல் நிலம். ஒன்று போதாதா, எதற்கு இரண்டு என்று கேட்பவர்களுக்கு: லாமா மந்தையில் வாழும் பிராணி, தனியே விட்டால் ஏங்கிப்போகும். இரண்டுக்குக் குறைத்து வாங்கவே கூடாது.

விலையைக் கேட்டால் அசந்துபோவீர்கள். 1980களில் இங்கே லாமா மோகம் உச்சத்தில் இருந்தது. அழகுப் போட்டிக்கென்று சடைசடையாக மயிர் தொங்குகிற ஜாதிகளை வளர்த்து, கொள்ளை விலைக்கு விற்றார்கள். அந்த மோகம் வடிந்து பல காலம் ஆகிறது. இப்போது பழக்காத ஆண்குட்டி சில நூறு டாலருக்குக் கிடைக்கும்; முழுக்கப் பழகிய பொதி லாமாவோ சில ஆயிரம். பொதிக்கு வாங்குகிறவர்கள் மயிரைப் பார்க்க மாட்டார்கள். நீளமான நேர்க்கால், அகன்ற மார்பு, முதுகில் குட்டை மயிர். சடை இருந்தால் சேணத்தடியில் வெந்துபோகும், முள்ளும் சிக்கும்.

குட்டிகளை விற்ற பண்ணைக்கார அம்மாள் போட்ட முதல் நிபந்தனை என்ன தெரியுமா? "கொஞ்சக் கூடாது."

அந்தக் கண்ணையும் இமையையும் வைத்துக்கொண்டு நிற்கிற ஆறு மாதக் குட்டியைக் கொஞ்சாதே என்றால் எப்படி? ஆனால் காரணம் இருக்கிறது. தாயை இழந்து, மந்தையைப் பார்க்காமல், புட்டிப்பாலில் மனிதர் மடியில் வளர்கிற ஆண்குட்டி, மனிதனையும் ஒரு லாமா என்றே முடிவுகட்டிவிடும். வயசுக்கு வந்ததும் தன் இனத்து ஆணோடு மோதுவதுபோல உங்களோடு மோதும். நெஞ்சால் இடிக்கும், காலைக் கடிக்கும். அப்புறம் அதை மாற்றுவது ரொம்பக் கஷ்டம். அதனால் ஓடிவந்து முகத்தோடு முகம் உரசுகிற குட்டியைப் பார்த்தால் லாமாக்காரர்கள் கவலைப்படுவார்கள். இரண்டடி தள்ளி நின்று, கழுத்தை நீட்டி, உங்கள் மூச்சுக்காற்றை ஒரு தரம் மோந்துவிட்டுப் போகிற குட்டிதான் நல்ல குட்டி. அந்த மரியாதையான விலகல் இருக்கிறதே, அதில்தான் நான் விழுந்தேன். நாய் நம்மை நேசிக்கும். நாம் கேட்கவே வேண்டாம். லாமாவிடம் அதைச் சம்பாதிக்க வேண்டும்.

எதில் சம்பாதிப்பது? தலைக்கயிற்றில். பழக்குவதில் பாதி இதுதான், கொஞ்சம் விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள். லாமாவின் மூக்கெலும்பு குட்டை. கண்ணுக்குக் கீழே கொஞ்ச தூரம் கையால் தடவிப் பார்த்தால் எலும்பு முடிந்து மெத்தென்ற குருத்தெலும்பு தொடங்குவது விரலுக்குத் தெரியும். லாமா பெரும்பாலும் மூக்கால்தான் மூச்சுவிடும். மூக்குப்பட்டை நழுவி அந்தக் குருத்தெலும்பின் மேல் வந்தால் மூச்சு முட்டும், முட்டினால் பயம், பயத்தில் துள்ளும், படுக்கும், துப்பும். "இந்த லாமாவுக்குத் திமிர்" என்று பட்டம் வாங்கியதில் எத்தனை, வெறும் பட்டை தளர்ச்சியால் வாங்கினவையோ! பட்டை கண்ணுக்கு ஒட்டி, எலும்பின் மேல் இருக்க வேண்டும். பிடரிப்பக்கம் இறுக்கம், மூக்குப்பக்கம் மெல்லத் தளர்ச்சி. குட்டி மாதத்துக்கு மாதம் வளரும் என்பதால் மாட்டும்போதெல்லாம் விரல் விட்டுப் பார்க்க வேண்டும்.

மாட்டுகிற விதத்தில் இன்னும் பெரிய வித்தை இருக்கிறது. அமெரிக்கப் பயிற்சியாளர் மார்ட்டி மெக்கீ பென்னெட் 'கேமலிடைனமிக்ஸ்' என்று ஒரு முறையையே வகுத்திருக்கிறார். துரத்தாதே, மூலையில் நெருக்காதே, கழுத்தைக் கட்டிப்பிடித்து அமுக்காதே. சின்னப் பட்டிக்குள் வரவழை. கண்ணுக்குப் பின்புறமாக நில். அது தன் நாலு காலில் தடுமாறாமல் நிற்கட்டும். தலைக்கயிற்றை விரித்துக் காட்டு. மூக்கை அதுவே உள்ளே விடட்டும்.

அதுவே விடுமா? விடும்! சொக்கன் முதன்முதலில் தானாக மூக்கை நுழைத்தபோது எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மனைவி வேலிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு, "ஏங்க, பொண்ணு நடக்க ஆரம்பிச்சப்ப கூட நீங்க அழல" என்றாள்.

நடத்திக் கூட்டிப்போவதிலும் இதே தத்துவம். பிடிகயிற்றை இழுத்தால் அதுவும் எதிர்ப்பக்கம் இழுக்கும், யாருக்கு எடை அதிகம் என்ற கணக்கில் நீங்கள் தோற்பீர்கள். லேசாக ஒரு சைகை, உடனே தளர்வு. ஓரடி வைத்தால் கயிறு முழுசாகத் தளர வேண்டும். அந்தத் தளர்வுதான் அதற்குக் கூலி. மூன்று நான்கு தரம் செய்துகாட்டினால் பிடித்துக்கொள்கிறது. அதற்கு மேலும் அதையே செய்யச் சொன்னால் பரட்டை காதைப் பின்னால் மடித்து முகவாயைத் தூக்கிவிடுவான். தெரிஞ்சதை எத்தனை தரம் கேட்பே என்று அர்த்தம். பயிற்சி கால் மணி நேரத்துக்குமேல் போகக் கூடாது. ஒழுங்காகச் செய்த நேரத்தில் நிறுத்திவிட்டு வீட்டுக்குப் போய்விட வேண்டும்.

முதல் இரண்டு வருடம் சுமை கிடையவே கிடையாது. காலைத் தொட்டுத் தூக்கவும் நகம் வெட்டவும் பழக்கினோம். வழியில் கிடக்கிற மரம், சடசடக்கிற தார்ப்பாய், மரப்பாலம், குடை, சைக்கிள், குரைக்கிற நாய் எல்லாவற்றையும் தாண்டி நடத்தினோம். வண்டியில் ஏற்றியது தனிக் கதை. குட்டியாக இருந்தவரை எங்கள் டொயோட்டா சியென்னாவில்தான் போக்குவரத்து. பின் சீட்டுகளைக் கழற்றி, ரப்பர் பாய் விரித்து, வைக்கோல் போட்டால் ஏறி, முன்னங்காலை மடித்து உட்கார்ந்துவிடுவார்கள். ஊர் வரும்வரை எழுந்திருப்பதில்லை. அசிங்கம் பண்ணுவார்களோ என்ற பயமே வேண்டாம். லாமாக்கள் மந்தையாக ஒரே இடத்தில்தான் சாணம் போடும். கிளம்புமுன் அந்த இடத்துக்கு ஒரு நடை கூட்டிப்போனால் போதும். பெட்ரோல் பங்கில் ஜன்னல் வழியே இரண்டு நீளக் கழுத்துகள் எட்டிப் பார்க்கும்போது பக்கத்து வண்டிக்காரர் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

ஓடை தாண்டப் பழக்கியது நானல்ல. பண்ணையில் ஒரு கிழ லாமா உண்டு, நாங்கள் அதைப் பெரியவர் என்போம். பதினான்கு வயதிலும் காட்டுப் பாதை அவருக்கு அத்துப்படி. குட்டிகளுக்கு அவரைவிட வாத்தியார் கிடையாது. டில்லமூக் காட்டில் கணுக்காலளவு ஓடை ஒன்றின் கரையில் பரட்டை நின்றான். மூக்கைத் தண்ணீருக்கு மேல் வைத்து மோந்தான். ஒரு காலைத் தூக்கினான், வைத்தான். 'ம்ம்ம்' என்று நீளமாக முனகினான். கவலை வந்தால் லாமாவின் குரல் அப்படித்தான் மேலே ஏறி முடியும். பெரியவர் திரும்பிக்கூடப் பார்க்காமல் நிதானமாக நடந்து அக்கரை போய், ஒரு புல்லைப் பிடுங்கி மென்றார். அடுத்த கணம் பரட்டை நின்ற இடத்திலிருந்தே முழு ஓடையையும் ஒரே தாவு! பழக்குகிறவர்கள் கவனிக்க: நேர் எதிரே நிற்காதீர்கள், பக்கவாட்டில் நில்லுங்கள். வருகிற உருப்படி நூறு கிலோ.

இரண்டு வயதுக்குமேல் வெறும் சேணம். வயிற்றடியில் இரண்டு வார், முன்னால் மார்புப்பட்டை, இறக்கத்தில் சேணம் முன்னே சரியாமலிருக்கப் பின்பக்கம் ஒரு பட்டை. பின்வார் அடிவயிற்றைத் தொடும்போது கூச்சம் வரும். அதற்கு முன்பே பலநாள் துணியால் உரசிப் பழக்கியிருக்க வேண்டும். மூன்று வயதில் தூங்குபை, தலையணை போன்ற லேசான சாமான். முழுச் சுமை நாலு வயதில்தான், எலும்பு முற்றி முடியும் காலம் அது. அப்போதும் உடம்பெடையில் நாலில் ஒரு பங்குக்கு மேல் வைக்கக் கூடாது. இங்கே பொறுமை இல்லாதவர்கள் இரண்டு வயதுப் பையன் மேல் முழு மூட்டையை ஏற்றி, முதுகையும் முட்டியையும் பாழாக்கிவிடுகிறார்கள். எனக்கு அதைப் பார்த்தாலே ரத்தம் கொதிக்கும். பொறுத்துக்கொண்டால் பன்னிரண்டு வயதுவரைக்கும், சிலது அதற்குமேலும், உங்களோடு மலையேறுமே!

இருபுறப் பைகளும் ஒரே எடை இருக்க வேண்டும். விமானநிலையத்துக்குப் போகுமுன் பெட்டியை நிறுத்துகிற தொங்குதராசில் நிறுத்து, அரைக்கிலோ வித்தியாசம்கூட இல்லாமல் செய்வோம். சேணம் ஒரு பக்கம் சாய்ந்தால் லாமா சொல்லிவிடும். எப்படியென்றால், நடுப்பாதையில் உட்கார்ந்துவிடும். அடம் என்று நினைத்து அதட்டுவதில் பிரயோஜனமில்லை. சுமை சாய்ந்ததா, வார் அறுக்கிறதா, வெயில் தாங்கலையா, மூச்சு வாங்குகிறதா என்று பார்க்க வேண்டும். வெயிலென்றால் தண்ணீரை அடிவயிற்றிலும் கால்களுக்கு நடுவிலும் ஊற்ற வேண்டும். முதுகில் ஊற்றினால் ஈர மயிர் சூட்டை உள்ளேயே அடைத்துவிடும்.

இந்த ஊரில் லாமாவுக்குப் பரீட்சையே உண்டு. பேக் லாமா ட்ரையல் அசோசியேஷன் என்ற சங்கம், இவ்வளவு சுமை, இவ்வளவு தூரம், இவ்வளவு ஏற்றம், வழியில் இன்னின்ன தடைகள் என்று நடத்திப் பார்த்துச் சான்றிதழ் தருகிறது. கொலராடோவில் லெட்வில் 100 மைல் ஓட்டம் தெரியுமா? 1983இலிருந்து நடக்கிறது. ஹோப் கணவாயை ஒட்டி ஏறக்குறைய 12,000 அடி உயரத்தில் இருக்கிற முகாமுக்கு, ஓடுகிறவர்களுக்கான சாப்பாடும் சாமானும் லாமா முதுகில்தான் ஏறுகின்றன. அந்த உயரத்தில் ஓட்டக்காரர்கள் வாயைப் பிளந்துகொண்டு வருவார்கள். லாமா படுத்து அசைபோடும். ஆக்ஸிஜனை இறுகப் பிடித்துக்கொள்ளும் ரத்தம் அதற்கு. சிவப்பணுகூட நமக்குள்ளதுபோல வட்டமில்லை, நீள்வட்டம்.

இந்தக் கோடையில் இருவருக்கும் நாலு வயது. முதல் முழுச் சுமைப் பயணத்துக்கு வாலோவா மலைகளைத் தேர்ந்தெடுத்தோம். ஒரேகானின் வடகிழக்கு மூலையில் ஈகிள் கேப் வில்டர்னெஸ், நெஸ் பெர்சே மக்களின் பூர்வீக மண். டூ பேன் என்ற இடத்தில் பாதை தொடங்கி, லாஸ்டீன் ஆற்றின் கிழக்குக் கிளையோடு ஏறி, பனியாறு குடைந்த அகலமான பள்ளத்தாக்கின் புல்வெளியில் போய் விழும். எதிரே 9,572 அடி உயர ஈகிள் கேப் சிகரம், மறைப்பே இல்லாமல். நான் கையை வீசிக்கொண்டு நடந்தேன்! முதுகில் ஒரு தண்ணீர்ப் புட்டி மட்டும். மகள் சொக்கனின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு முன்னால் போனாள். கயிறு தரையைத் தொடுகிற அளவுக்குத் தளர்ந்திருந்தது. இத்தனை வருட உழைப்புக்கு எனக்கு அது போதும்.

வழியில் குதிரைக்காரர்கள் வந்தார்கள். லாமாவைப் பார்த்தேயிராத குதிரை அதன் வாடைக்கே மிரண்டுவிடும் என்பதால் விட்டுக்கொடுப்பது நம் கடமை. பாதையைவிட்டுச் சரிவின் கீழ்ப்பக்கமாக இறங்கி நின்று, குதிரைக்குக் கேட்கும்படி சாதாரணமாகப் பேசிக்கொண்டிருக்க வேண்டும். நாங்கள் தமிழில் பேசினோம். குதிரை ஆட்சேபிக்கவில்லை. கொஞ்ச தூரத்தில் பழைய லாமாப் புழுக்கைக் குவியல் ஒன்று தென்பட, இருவரும் வரிசையில் நின்று காரியத்தை முடித்தார்கள். அனுபவசாலிகள் ஒரு பிடி புழுக்கையைப் பையில் எடுத்துப்போய், முகாமில் தங்களுக்குத் தோதான இடத்தில் தூவி, "இதுதான் உங்க இடம்" என்று காட்டிவிடுவார்கள். நாங்களும் எடுத்துப்போனோம். மனைவியிடம் அந்தப் பையில் சுண்டல் என்று சொல்லிவைக்காதீர்கள், அவ்வளவுதான் எச்சரிக்கை.

இப்போது தோசைக்கல்லுக்கு வருகிறேன். சொக்கனின் இடப்பக்கப் பையில் இரும்புத் தோசைக்கல், வலப்பக்கத்தில் மூன்று லிட்டர் பிரஷர் குக்கர். ஆடம்பரமென்று சிரிக்காதீர்கள். நாங்கள் முகாமிட்ட மிரர் ஏரி 7,600 அடியையொட்டி இருக்கிறது. அங்கே தண்ணீர் ஏறக்குறைய 92 டிகிரியிலேயே கொதித்துவிடும், குக்கர் இல்லாமல் பருப்பு லேசில் வேகாது. மற்றப் பயணக்காரர்கள் தூளைக் கரைத்துக் குடித்துவிட்டுப் படுக்கிறார்கள், பாவம். ஆனால் குக்கர் விசில் அடித்தால் லாமா முளையைப் பிடுங்கிக்கொண்டு ஓடாதா? அதற்கும் பயிற்சி! பண்ணையில் தீனி வைக்கிற நேரமாகப் பார்த்து, முதலில் தூரத்தில், பிறகு கிட்டத்தில் குக்கரை அடுப்பில் வைத்து விசிலடிக்க விட்டோம். பண்ணைக்கார அம்மாள், "இதையும் பார்த்துவிட்டுத்தான் சாக வேண்டும் என்று இருந்தது போலிருக்கிறது" என்றார். பலன்? ஏரிக்கரையில் மூன்று விசில் வந்தது. இருவரும் காதை எங்கள் பக்கம் திருப்பினார்கள், தீனிக்காக. வேறொன்றும் நடக்கவில்லை. அந்தப் பகுதியில் விறகுத் தீக்குத் தடை, எல்லாம் கேஸ் அடுப்பில்தான். சாம்பார் சாதமும், காலையில் தோசையும்! புளித்த மாவு அந்தக் குளிரில் சமர்த்தாக இருந்தது.

ராத்திரி ஏரியிலிருந்து தள்ளி, திருகாணி முளையடித்து நீளக்கயிற்றில் கட்டினோம். உயரத்தில் இழுத்துக் கட்டிய கயிற்றில் குதிரையைக் கட்டுவதுபோல லாமாவைக் கட்டக் கூடாது, அது படுத்துத் தூங்குகிற ஜாதி. விடியும் நேரத்தில் பரட்டை அபாயக் குரல் கொடுத்தான். கேட்டிருக்கிறீர்களா? ஸ்டார்ட் ஆகாத பழைய ராஜ்தூத் பைக்கை யாரோ விடாமல் உதைக்கிற சத்தம். அவன் காது நீட்டிய திசையில் பார்த்தால், சரிவில் ஒரு பெண் மான், குட்டியோடு. எங்கள் நாலு பேருக்கும் — மகள், மனைவி, நான், கூட வந்து அசந்து தூங்கிய மச்சான் — முன்பே பரட்டையின் கண்ணில் பட்ட மான்.

துப்பாதா என்று கேட்பீர்கள், எல்லாரும் கேட்கிறார்கள். துப்பும், இன்னொரு லாமா மேல், பெரும்பாலும் தீனிச் சண்டையில். நடுவில் நீங்கள் நின்றால் அது உங்கள் பாடு.

எல்லாரும் வாங்கி வளர்க்க முடியாதுதான். ஒரேகான், வயோமிங், கொலராடோ, மொன்டானா பக்கம் பழகிய லாமாக்களை நாள் வாடகைக்குத் தருகிறார்கள். கிளம்புமுன் தலைக்கயிறு மாட்டவும் சேணம் கட்டவும் சொல்லித்தருவார்கள். காட்டுச் செம்மறிகளுக்கு நோய் தொற்றிவிடும் என்ற அச்சத்தில் சில பூங்காக்களில் லாமாவுக்குத் தடை உண்டு, போகிற இடத்தில் விசாரித்துக்கொள்ளுங்கள். வழியில் ரோடோடெண்ட்ரான் செடி கண்டால் கயிற்றைக் கிட்டப் பிடியுங்கள், அதன் இலை லாமாவுக்கு விஷம். அமெரிக்காவில் பிள்ளைகளைப் பார்க்க வருகிற அப்பா அம்மாக்களே, முழங்கால் வலிக்கிறதென்று ஏரிக்கரை பார்க்காமல் திரும்பாதீர்கள். மூட்டையை லாமா சுமக்கும், நீங்கள் மெதுவாக நடந்தால் போதும், அதுவும் மெதுவாகத்தான் நடக்கும். ஜூலை, ஆகஸ்டுக்கு வாடகை லாமா வேண்டுமென்றால் குளிர்காலத்திலேயே சொல்லிவைத்துவிடுங்கள்.